பக்கத்தில் உட்காருகிற வேலை

1

போன மாதம் வகுப்பறையில் என் வாயில் ஒரு குத்து விழுந்தது. கீழ்ப்பல் இரண்டு உடைந்தன. தாடை எலும்பில் விரிசல். குத்தியவன் பெயர் லூயிஸ். பத்தொன்பது வயது, என்னைவிட ஒன்றரை அடி உயரம். அவன் பக்கத்தில் உட்காருவதற்குத்தான் இந்த ஊர்க் கல்லூரி எனக்குச் சம்பளம் கொடுக்கிறது.

இங்கிலாந்துக்கு வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. கவென்ட்ரியில் இருக்கிறோம். கணவர் பிரபு கார் உதிரிபாகக் கிடங்கில் ஷிப்ட் பார்க்கிறார். மகன் கெவினுக்குப் பத்து வயது. நான் ஒரு தொழிற்கல்லூரியில் வகுப்பறைத் துணையாள். அம்மாவிடம் "காலேஜ்ல வேலை" என்று சொன்ன அன்றே, அவள் எங்கள் ஊர் கவரைப்பேட்டையில் பாதிப் பேரிடம் நான் லெக்சரர் ஆகிவிட்டதாகச் சொல்லிவிட்டாள். திருத்தப் பார்த்தேன். "பாடம் நடத்த மாட்டேம்மா. ஒரு பையன் பக்கத்துல உக்காந்துக்கினு இருப்பேன்" என்றேன். அதற்கா வெள்ளைக்காரன் டப்பு தருகிறான் என்று அவளுக்கு இன்றுவரை சந்தேகம்.

அதற்குத்தான் தருகிறான். லூயிஸுக்கு ஆட்டிசம். எலக்ட்ரிகல் படிக்கிறான். ஒயரிங் வரைபடத்தை நம்மைவிட வேகமாகப் படிப்பான். ஆனால் ஆசிரியர் ஒரே மூச்சில் நான்கு வேலை சொன்னால் முதல் வேலையிலேயே நின்றுவிடுவான். நான் அதை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். அறை மாறினால் முந்தின நாளே சொல்ல வேண்டும். ஆசிரியர் கிண்டலாகப் பேசினால் அது கிண்டல் என்று காதோரம் சொல்ல வேண்டும். சத்தம் அவனுக்கு ஊசி மாதிரி. அதனால் காதில் கறுப்பு நிறத்தில் பெரிய காதடைப்பு மாட்டியிருப்பான். அவனுக்கு எப்போதும் கதவோர இடம். தாங்க முடியாவிட்டால் யாரிடமும் கேட்காமல் எழுந்து வெளியே போகலாம். இதெல்லாம் எழுதி வைத்து நடக்கிற ஏற்பாடு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு இருந்தது. ஆட்டிசம் உள்ள மாணவர் எப்படி இருப்பார் என்று ஒரு அம்மாள் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். சிலர் பதற்றத்தில், கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வார்கள், அது திமிர் இல்லை என்றார். எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து மாடிப்படிக்குப் போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கூடப் பிறந்தவனுக்கு என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அவனை மெண்டல் என்றும் லூசு என்றும் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

2

ஸ்டீபனும் நானும் இரட்டையர். நான் சில நிமிடம் மூத்தவள். எங்கள் நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் வேலை பார்த்தார். அவருடைய அப்பா காலத்தில் ஊரார் நிலத்தில் கூலி. நாங்கள்தான் எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆட்கள். ஸ்டீபனுக்குக் கணக்கு நன்றாக வரும். இரண்டு பேரையும் ஒரே காலேஜில், ஒரே பி.எஸ்சி. வகுப்பில் நைனா சேர்த்துவிட்டார். அவன் தனியாகப் போகமாட்டான் என்பது ஊருக்கே தெரியும்.

பள்ளிக்கூடத்தில் அவன் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். காலேஜில் அது முடியவில்லை. பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முதல் நாளே அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வகுப்பே ஊளையிட்டது. துறைத்தலைவர் என்னை எழுப்பி வெளியே நிற்க வைத்தார். "கூடப் பொறந்தவன் சார், அவனுக்கு நான் சொன்னாத்தான் புரியும்" என்று சொல்லிப் பார்த்தேன். இது குழந்தைகள் பள்ளிக்கூடமா என்று கேட்டார். கடைசியில் பெஞ்சு வரிசைகளுக்கு நடுவில் போகிற நடைபாதை ஓரத்து முனையில் எனக்கும், அதற்கு எதிர் முனையில் அவனுக்கும் இடம் கொடுத்தார்கள். இடையில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி.

அந்த இடைவெளி போதும் என்று அவனை அடித்தார்கள். பின்பெஞ்சிலிருந்து கழுத்தில் தட்டுவது, காம்பஸ் முள்ளால் முதுகில் குத்துவது, காதுக்குப் பக்கத்தில் வந்து கத்துவது. அவன் கத்தினால் வெளியே அனுப்பப்படுவது அவன். நான் எழுந்து அடித்தவன் சட்டையைப் பிடித்திருக்கிறேன். ஒருவன் கையில் என் பல் பதிந்தது. அதற்கு எனக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். அந்த வாரம் அவனும் வரவில்லை.

அதே வகுப்பில் வேறு பையன்களும் இருந்தார்கள். பரீட்சைக்கு முன்னால் இவனிடம் கணக்குக் கேட்டு உட்காருவார்கள். அப்போது அவன் தலையைக் குனிந்தபடி நிதானமாகச் சொல்லிக்கொடுப்பான். அப்படித்தான் இரண்டாவது வருடம் வரை வந்துசேர்ந்தோம்.

3

லூயிஸ் குத்திய நாளுக்கு வருகிறேன்.

அன்று வழக்கமான ஆசிரியர் லீவு. அவருக்குப் பதிலாக ஏஜென்சியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். லூயிஸைப் பற்றிச் சொல்லப் போனேன். தெரியும் தெரியும் என்று கையாட்டினார். பாதி வகுப்பில் தீ அபாய மணி அடித்தது. ஒத்திகை என்றால் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். இது நிஜ மணி. கான்டீனில் ரொட்டி கருகியிருக்கிறது, அது பிறகுதான் தெரிந்தது. எங்கள் அறைக்குள்ளேயே சுவரில் மணி. காதைக் கிழிக்கிற சத்தம்.

லூயிஸ் மேஜைக்கு அடியில் போய்விட்டான். முழங்காலைக் கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒரு நிமிடம் விட்டால் அவனே எழுந்து என் பின்னால் வந்துவிடுவான். அப்படிப் பழகியிருக்கிறோம். மற்ற மாணவர்களை அனுப்பிவிட்டு அந்த ஆசிரியர் திரும்பி வந்தார். வெளியே வா என்று கத்தினார். அவனுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து இரண்டு கையாலும் அவன் காதடைப்பைப் பிடுங்கினார்.

அவன் மேஜையோடு எழுந்தான். மேஜை கவிழ்ந்து ஒயர், ஸ்க்ரூ, கட்டிங் பிளேயர் எல்லாம் தெறித்தன. ஆசிரியரை நோக்கி அவன் கை வந்தபோது நான் நடுவில் இருந்தேன். என் வாயில் விழுந்தது. வலிக்கு முன்னால் உடைந்த சத்தம்தான் தெரிந்தது. நான் சுவரில் போய் மோதினேன். அடுத்த குத்து ஆசிரியருக்கு. அதற்கடுத்தது ஆசிரியர் அவன் மார்பில் வைத்த குத்து. பிறகு லூயிஸ் தன் தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தான். சுவரில் ரத்தம். என்னுடையதா அவனுடையதா என்று தெரியவில்லை.

காவலாளிகள் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அவனைத் தரையில் குப்புறத் தள்ளினார்கள். ஒருவர் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். இன்னொருவர் முதுகில் முழங்காலை ஊன்றி, அவன் முகத்தைத் தரையோடு அமுக்கினார். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கீழேயிருந்து அவன் கத்தவில்லை, ஒரு மாதிரி குழறினான்.

நான் அந்த ஆளின் கையைப் பிடித்து இழுத்தேன். "உட்றா, உட்றா அவன, சொல்றேன் இல்ல" என்று கத்தினேன். கவரைப்பேட்டைப் பாஷை. பத்து வருடமாக வேலையிடத்தில் என் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை வந்ததில்லை. வாயெல்லாம் ரத்தமாக, புரியாத பாஷையில் கத்துகிறவளைப் பார்த்து அந்த ஆள் மிரண்டிருக்க வேண்டும். கையை எடுத்துவிட்டார். முழங்காலையும் எடுத்தார். நான் லூயிஸ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். காதடைப்பைத் தேடி எடுத்து அவன் கையில் வைத்தேன். மணி நின்றது.

4

காலேஜுக்கு நாங்கள் கவரைப்பேட்டையில் ஏறுவோம். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகிற காலை லோக்கல். அந்த ரயில் எப்படி என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் காலேஜ் பையன்கள் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு தகரத்தைத் தட்டிப் பாட்டுப் பாடுவார்கள். அவர்களுக்கு ஒரு 'ரூட்டு தல' இருப்பான், அந்த ரயில் வழிக்கே தலைவன் மாதிரி. வழியில் இன்னொரு காலேஜ் கோஷ்டி ஏறும். இரண்டுக்கும் ஆகாது. ஸ்டீபன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவான். பாட்டுக்காரர்களுக்குப் பயந்து வேறு பெட்டிக்கு வா என்றால் வரமாட்டான். முதல் நாள் உட்கார்ந்த பெட்டிதான் அவனுக்குப் பெட்டி.

இரண்டாவது வருடத்தில் ஒருநாள், வழியில் ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றதும் கல் வந்தது. முதலில் கல், பிறகு பாட்டில், பிறகு கத்தியோடு ஆட்கள். என் எதிரில் நின்றிருந்த பையன் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினான். உள்ளங்கை இரண்டாகப் பிளந்து தொங்கியது. அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். எல்லோரும் அந்தப் பக்கக் கதவு வழியாகத் தண்டவாளத்தில் குதித்து ஓடினார்கள். வெட்டியவர்களும் ஓடினார்கள், வெட்டுப்பட்டவர்களும் ஓடினார்கள். ஸ்டீபன் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தான். அது அவன் இறங்குகிற ஸ்டேஷன் இல்லை. நான் இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

போலீஸ் ஏறியபோது பெட்டியில் கிடைத்த ஆம்பளைப் பையன் அவன் ஒருவன்தான். சட்டையைப் பிடித்து பிளாட்பாரத்தில் இறக்கினார்கள்.

"கத்தி எங்கடா?" என்றார் ஒருவர்.

"கத்தி எங்கடா" என்றான் ஸ்டீபன்.

லத்தி தோளில் விழுந்தது. நான் நடுவில் புகுந்து, சார் அவனுக்குப் பதில் சொல்ல வராது, பயந்தால் இப்படித்தான் பேசுவான் என்று சொன்னேன். என்னைத் தள்ளிவிட்டார்கள்.

"யாருகிட்டடா திமிரு காட்ற?"

"யாருகிட்டடா திமிரு காட்ற."

அவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்டார்கள், அவன் ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொன்னான். ஒவ்வொரு முறையும் அடி. முட்டியில், முதுகில், காதில். வலி தாங்காமல் பிடித்திருந்தவர் கையைக் கடித்தான். அதற்குப் பிறகு அவர்கள் கேள்வி கேட்கவில்லை. மூன்று பேர் சேர்ந்து அடித்தார்கள். நான் லத்தி பிடித்திருந்த கையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். வயிற்றில் ஒரு உதை விழுந்தது. யாரோ இரண்டு பெண்கள் என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

எந்தப் போலீஸ் ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை. மில்லிலிருந்து நைனா அந்த உடுப்போடேயே ஓடிவந்தார். இரவெல்லாம் வாசலில் இருந்தோம். மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஸ்டீபனுக்கு வலது முழங்கையில் மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்றார்கள். வாசகர்களுக்குத் தெரியும், நம் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷன் பாத்ரூமெல்லாம் எப்படி வழுக்கும் என்று. இடது காது அன்றோடு போயிற்று.

காலேஜ் அவனைப் பெயர் நீக்கியது. கேஸ் இருக்கிற பையனை வைத்துக்கொள்ள முடியாது என்றார் பிரின்சிபால். நைனா அவர் அறையை விட்டு வெளியே வந்து, நான் மட்டும் படிப்பை முடிக்க வேண்டும் என்றார். எனக்கு விருப்பமில்லை, ஆனால் முடித்தேன். எதிர் முனை பெஞ்ச் கடைசிவரை காலியாகவே கிடந்தது.

வீட்டுக்கு வந்த ஸ்டீபன் வேறு ஆள். மில் சங்கு ஊதினால் சுவரில் தலையை மோதுவான். தடுக்கப் போன அம்மாவின் மணிக்கட்டை ஒருநாள் முறித்துவிட்டான். அன்றைக்கு நைனா பெல்ட்டைக் கழற்றி அவனை அடித்தார். அவன் "பாத்ரூம்ல உயுந்தேன், பாத்ரூம்ல உயுந்தேன்" என்று சொன்னான். நைனா பெல்ட்டை வாசலுக்கு வெளியே எறிந்தார். அதற்குப் பிறகு அவன்மேல் கை வைத்ததில்லை.

அவன் அடங்க நான்கைந்து வருடம் ஆயிற்று. மாத்திரைகள் உதவின, அம்மா அதைவிட உதவினாள். இப்போது நைனாவோடு வேலை பார்த்த ஒருவரின் சின்ன பட்டறையில் போல்ட் பாக்கெட் ஒட்டுகிறான். நான் அனுப்பிய காதடைப்பை மாட்டிக்கொண்டு போகிறான். ரயில் ஏறுவதில்லை. அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. அவனுக்கு அது எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது.

5

லூயிஸ் அடித்த அன்று மாலை, ஆஸ்பத்திரியில் தாடைக்குப் படம் எடுக்கக் காத்திருந்தபோது, ஒரு போலீஸ்காரப் பெண் வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டார். என்ன நடந்தது என்றார். வீங்கிய வாயால் "ஹி பீட் மீ" என்றேன். அடித்தான் என்பதற்கு நம் பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தைதான் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே அதற்கு அர்த்தம் வேறு. விடாமல், திரும்பத் திரும்ப அடிப்பது. எவ்வளவு நேரம் அடித்தான், உதைத்தானா என்று அவர் கேட்டபோது எனக்கு ஏன் என்று புரியவில்லை. தலை சுற்றிக்கொண்டிருந்தது. எதற்கோ தலையாட்டியிருக்கிறேன்.

சில நாள் கழித்துக் கல்லூரி மேலாளர் அம்மாள் கூப்பிட்டு, போலீஸ் வழக்குப் போடப் போகிறது, லூயிஸை நீக்குவது பற்றி வியாழக்கிழமை கூட்டம் என்றார். என் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். அதில் லூயிஸ் என்னைக் கீழே தள்ளித் தொடர்ந்து அடித்திருந்தான். காதடைப்பைப் பிடுங்கியது இல்லை. முழங்கால் இல்லை.

திருத்த வேண்டும் என்றேன். எழுதியது எழுதியதுதான், வேண்டுமானால் இன்னொன்று கொடுக்கலாம் என்றது போலீஸ். அதற்கு ஆன்லைனில் நேரம் வாங்கு, அடையாள அட்டை கொண்டு வா, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா சொல் என்று அலைக்கழிப்பு. அலைந்து கொடுத்தேன். மேலாளர் அம்மாள் மெதுவாக, காவலாளிகள் விஷயம் தனி விசாரணை, அதை இதோடு சேர்க்க வேண்டாமே என்றார். சேர்ப்பேன் என்றேன்.

வீட்டில் பிரபுவுக்குக் கோபம். "பேஜாரு வேலை ஸ்டெல்லா. வுட்டுட்டு வா, எங்கியாவது கடைல நில்லு" என்றார். கெவின் என் முகத்தைப் பார்க்கவே பயந்தான். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், "வை ஆர் யூ ஹெல்ப்பிங் ஹிம்?" என்றான். தமிழில் கேள் என்றேன். யோசித்து, "அவன் கெட்ட பையன். நீ ஏன் அவன் பக்கம்?" என்றான். பதில் எனக்கு நீளமாக இருந்தது. அவனுடைய தமிழுக்குள் அது அடங்காது. மாமாவை அவன் வீடியோவில் மட்டுமே பார்த்திருக்கிறான். கேமராவைப் பார்க்காமல் பேசுகிற மாமாவைக் கண்டால் எழுந்து போய்விடுவான்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் லூயிஸின் அம்மா எனக்கு எதிரே கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வாயைப் பார்க்க அவரால் முடியவில்லை. நான் எழுதிக்கொண்டு போகவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். யார் எதைப் பிடுங்கினார், யார் யாரைக் குத்தினார், முகத்தை அமுக்கிய கை யாருடையது. என்மேல் விழுந்தது ஒரு குத்து, ஒன்றே ஒன்று, அதுவும் எனக்கென்று ஓங்கியது இல்லை என்றேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். உதட்டில் ஒழுகிற்று.

இரண்டு வாரம் கழித்து லூயிஸைத் திரும்ப எடுத்தார்கள். போலீஸும் வழக்கை விட்டது. அந்த ஏஜென்சி ஆசிரியர் அதன்பின் வரவில்லை. காவலாளிகளுக்குப் பயிற்சி என்றார்கள், நடந்ததா தெரியாது. வேறு மாணவனிடம் போகிறாயா என்று என்னைக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

முதல் நாள் அவன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான். உன் வாயை நான்தான் உடைத்தேனா என்று கேட்டான். ஆமாம் என்றேன். வலிக்கிறதா என்றான். சாப்பிடும்போது என்றேன். சரி என்று வரைபடத்தை விரித்தான்.

பயம் போகவில்லை. அவன் கை மேலே போனால் என் தோள் தானாகச் சுருங்குகிறது. அவன் முகத்தைப் பார்த்துப் பேசாதவன், ஆனால் அதைக் கவனித்திருக்கிறான். இப்போதெல்லாம் கையைத் தூக்கும் முன்னால், "கையைத் தூக்கப் போகிறேன்" என்று எனக்குச் சொல்லிவிட்டுத் தூக்குகிறான்.

6

ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. பல் கட்ட இங்கே முறை வர மாதக்கணக்காகும், வாயைப் பொத்திக்கொண்டே எத்தனை நாள் வீடியோவில் பேசுவது. போன ஞாயிறு அம்மா கண்டுபிடித்துவிட்டாள். சொன்னேன். திட்டித் தீர்த்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போனை, பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஸ்டீபன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கோயிலுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடு இருந்தான். கெவின் என் பக்கத்தில் ஓட்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏனோ அன்றைக்கு எழுந்து போகவில்லை.

ஸ்டீபன் சுவரைப் பார்த்தபடி, "அந்தப் பையன இன்னா பண்ணாங்க?" என்று கேட்டான்.

"கீய தள்ளி அமுக்கினாங்க."

"மூஞ்சியவா?"

"ஆமா. தரையில."

"நீ இன்னா பண்ண?"

"கைய புடிச்சி இழுத்தேன். உட்டுட்டாங்க."

"உட்டுட்டாங்க" என்றான். கொஞ்ச நேரம் சட்டை பட்டனைத் திருகிக்கொண்டிருந்தான். போன் ஆடியது. பட்டறையைப் பற்றிப் பேசப் போகிறான் என்று நினைத்தேன்.

"அன்னிக்கும் இழுத்த" என்றான். "என்ன அடிச்சப்போ நீ தொங்கிக்கினு இருந்த. அந்தாளு உன்ன ஒதச்சான். நான் பாத்தேன்."

இத்தனை வருடத்தில் முதல் தடவை. "வயிறு வலிச்சுதா?" என்றான்.

"வலிச்சுது ஸ்டீபா."

"வலிச்சுது" என்றான். போனைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். திரையில் எங்கள் வீட்டு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

கெவின் ஸ்பூனைக் கீழே வைத்தான். "மாமாவை யார் அடிச்சாங்க?" என்றான். தமிழிலேயே கேட்டான். நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, காலை லோக்கலில் நாங்கள் ஏறியதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். லத்தி என்றால் என்ன என்று நிறுத்திக் கேட்டான். சொன்னேன்.